படத்துக்கு அடியில் இரண்டு வரி

ஆயிரம் சொற்களால் சொல்ல முடியாததை ஒரு படம் சொல்லிவிடும் என்று நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். ஒளிப்படம் ஒரு முழுமையான கலை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அது எவருக்கும் தானாகவே புரிந்துவிடும் பொதுமொழி என்ற பேச்சை இப்போது என்னால் ஏற்க முடியவில்லை. நான் எடுத்த ஒரு படம்தான் அந்த நம்பிக்கையைக் கலைத்தது.

ஒரு ரயில் நிலையத்தின் நடைமேடையில், பெஞ்சில் தனியாக அமர்ந்து கண்களைத் துடைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை, அவருடைய அனுமதியோடு படம் எடுத்தேன். மகள் முதன்முதலாக வேலைக்குப் போகிறாள், இப்போதுதான் ரயிலேற்றிவிட்டேன், மனம் நிறைந்துவிட்டது என்றார். அந்தப் படத்தை ஒரு சொல்கூட எழுதாமல் பதிவிட்டேன்; எழுதினால் படத்தின் அழகு குறைந்துவிடும் என்று எண்ணினேன். சில நாட்களில் அதே படம், ‘பிள்ளைகளால் கைவிடப்பட்ட தந்தை’ என்ற வரியோடு எனக்கே வந்து சேர்ந்தது. முன்பின் அறியாத ஒரு மகளை எத்தனையோ பேர் திட்டித் தீர்த்திருந்தார்கள். படத்தில் எவரும் எதையும் மாற்றவில்லை. ஒளியும் பெஞ்சும் ஈரமான கண்களும் அப்படியே இருந்தன. அந்த வரி பொய் என்று காட்டக்கூடிய எதுவும் என் படத்துக்குள் இல்லை என்பதுதான் என்னை வெகுநாள் உறுத்தியது.

கேமரா பொய் சொல்லாது என்பார்கள். ஒளிப்படக் கலையின் பிரெஞ்சு முன்னோடிகளில் ஒருவரான டாகுவேர் 1838இல் பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றைத் தம் வீட்டுச் சன்னலிலிருந்து படம் எடுத்தார். வண்டிகளும் மனிதர்களும் நடமாடிய தெருதான் அது. ஆனால் அவர் பயன்படுத்திய உலோகத் தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டதால், அசைந்தவர்கள் ஒருவரும் பதியவில்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஒரே இடத்தில் நின்றவர் மட்டும், மெருகு போடுபவரின் மங்கலான உருவத்தோடு, படத்தில் இருக்கிறார். தகடு தன் மேல் விழுந்த ஒளியை நேர்மையாகத்தான் பதிவு செய்தது. ஆனாலும் பார்ப்பவருக்கு அது ஆளற்ற நகரமாகவே தோன்றும். ‘பதிவாகச் சில நிமிடங்கள் ஆயின’ என்ற ஒரு வாக்கியம் கூடவே வந்தால்தான் அந்த நேர்மை முழுமை பெறுகிறது.

இதனால் ஒளிப்படத்தின் கலைத்தகுதி குறைகிறது என்று நான் சொல்லவில்லை. 1859இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் ஒளிப்படத்தைக் கலைகளுக்கும் அறிவியலுக்கும் பணிப்பெண்ணாக மட்டும் இருக்கச் சொன்னார். சில ஆண்டுகளிலேயே, 48 வயதில் முதல் கேமராவைக் கையில் பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரூன், முகங்களைக் கூர்மையாகக் காட்டாமல் வேண்டுமென்றே மென்மையாகப் படம்பிடித்தார். அதைத் தொழில்திறக் குறை என்று விமர்சகர்கள் கண்டித்தார்கள். எது தனக்கு அழகாகத் தெரிந்ததோ அங்கே அவர் லென்ஸை நிறுத்தினார், அவ்வளவுதான். எங்கே நிற்பது, எந்தக் கணத்தில் அழுத்துவது, எதைச் சட்டகத்துக்கு வெளியே விடுவது என்ற முடிவுகளில்தான் இந்தக் கலை இருக்கிறது. முடிவுகளால் ஆன ஒன்றைச் சாட்சியாகவும் கொள்ளும்போது, சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டது என்ன என்பதைச் சொல்லும் கடமையும் எடுத்தவருக்கு வந்துவிடுகிறது.

அந்தக் கடமையை அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் அளவுக்கு உணர்ந்தவர்கள் குறைவு. 1908 முதல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை பார்த்த சிறுவர்களை அவர் படமெடுத்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால், சில இடங்களுக்கு விவிலியம் விற்பவராகவும் வேறு வேடங்களிலும் போனார். சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே ரகசியமாகக் குறிப்பெழுதினார். தம் மேலாடைப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று முன்பே அளந்துவைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் உயரத்தைக் கணக்கிட்டார். அந்த உயரமும் வயதும் வேலையும் எழுதப்பட்டிருந்ததால்தான், முதலாளிகள் எளிதில் மறுக்க முடியாத ஆதாரங்களாக அந்தப் படங்கள் நின்றன. படங்களின் அழகு பார்ப்பவரை நிறுத்தியது. குறிப்புகள் அவரை நம்பவைத்தன.

இன்னொரு அமெரிக்க ஒளிப்படக் கலைஞரான டொரோதியா லேங்கும் தம் பயணங்களில் மக்களின் பேச்சைக் கவனமாகக் குறித்துவைத்தவர்தான். ஆனால் அவருடைய மிகப் புகழ்பெற்ற படத்தில் அது முழுமையாக நடக்கவில்லை. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்த தொழிலாளர்களின் முகாமில், குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கன்னத்தில் கை வைத்துத் தொலைவைப் பார்த்திருந்த ஒரு தாயை அவர் படமெடுத்தார். 32 வயது, ஏழு குழந்தைகள் என்று குறித்தவர், அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை என்று பின்னர் எழுதினார். படங்கள் செய்தித்தாளில் வந்ததும் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது; அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடத்துக்குப் போய்விட்டது. அந்தப் பெண் அமெரிக்காவின் செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதைப் படத்தைப் பார்த்தவர்கள் பல பத்தாண்டுகள் அறியவில்லை. 1978இல் அவர் அடையாளம் தெரிந்தபோது, அந்தப் படம் எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றும் அதனால் தமக்கு ஒரு பயனுமில்லை என்றும் வருத்தப்பட்டார். உலகமே அறிந்த முகம் ஒன்றுக்கு 42 ஆண்டுகள் பெயரில்லாமல் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம், படத்தின் மகத்துவத்தை மறுக்க முடியாமலும் அந்தப் பெண்ணின் வருத்தத்தைத் தள்ளிவிட முடியாமலும் நிற்கிறேன்.

இன்றைய நிலைமை இன்னும் கடினமானது. கைபேசி எடுக்கும் கோப்புக்குள் நேரமும், நாம் அனுமதித்தால் இடமும் பதிவாகின்றன. ஆனால் சமூக ஊடகங்களில் ஏற்றும்போது அந்த விவரங்கள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. எங்கும் நிகழாத காட்சியைச் செயற்கை நுண்ணறிவு ஒளிப்படம் போலவே ஆக்கித் தருகிறது. இந்நிலையில் யார், எங்கே, எப்போது, எப்படி எடுத்தார் என்ற வரிகள்தான் ஒளிப்படத்தை மற்றப் பிம்பங்களிலிருந்து பிரித்துக் காட்டும்.

கலைக்கு விளக்கம் எதற்கு, பார்ப்பவரின் கற்பனைக்கு விட்டுவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சுவரில் விழுந்த நிழலுக்கோ நீரின் அலைக்கோ விளக்கம் வேண்டாம்தான். ஆனால் உயிருள்ள ஒரு மனிதரின் முகம் படத்தில் இருக்கும்போது, பார்ப்பவரின் கற்பனைச் சுதந்திரத்தைவிட அந்த மனிதரின் வாழ்க்கை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போதெல்லாம் அடுத்த படத்துக்குக் கேமராவைத் தூக்கும் முன் நாளையும் இடத்தையும் அவர் சொன்ன சொற்களையும் எழுதிக்கொள்கிறேன். நடைமேடை முதியவரின் படத்தை, மகளின் முதல் வேலையைச் சொல்லும் இரண்டு வரிகளோடு மீண்டும் பதிவிட்டேன். அவை இல்லாத பழைய படம்தான் இன்றும் எனக்கு அடிக்கடி வந்து சேர்கிறது. வரும்போதெல்லாம் அனுப்பியவருக்கு அந்த இரண்டு வரிகளைத் திருப்பி அனுப்புகிறேன்.