படக்கதையைப் பிடுங்காதீர்கள்

"பிள்ளை புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான்" என்று புலம்புகிறவர்கள் வீட்டு அலமாரியைப் பாருங்கள். கணிதப் பயிற்சி, மலாய்ப் பயிற்சி, மாதிரித் தேர்வுத்தாள், அதற்கு விடைப் புத்தகம். கதைப் புத்தகம் தேடினால் பரிசளிப்பு விழாவில் கிடைத்த ஒன்றிரண்டு இருக்கும், அதுவும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021இல் எடுத்துவிட்டார்கள், நமக்குத்தான் பயிற்சி நூல் மோகம் போகவில்லை.

எனக்கு வாசிப்புப் பைத்தியம் பிடித்தது யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நல்ல நூலால் இல்லை. பினாங்கில் சௌராஸ்தா பசாருக்கு மீன் வாங்கப் போகும் பெரியப்பா, கீழே பேரம் முடியும்வரை என்னை மாடியிலிருக்கும் பழைய புத்தகக் கடைகளில் விட்டுவிடுவார். மலாய், ஆங்கிலம், சீனம் எல்லாம் தலைக்கு மேல் அடுக்கியிருக்கும், தமிழ் எங்கேயாவது அடியில் மாட்டியிருக்கும், உருவினால் மொத்தமும் சரியும், கடைக்காரர் முறைப்பார். அப்படி உருவியதுதான் அட்டை கிழிந்த ஓர் அம்புலிமாமா. வேதாளம் கேள்வி கேட்டதோடு பக்கம் போய்விட்டது! விக்கிரமாதித்தன் என்ன சொல்லியிருப்பான் என்று ராத்திரி முழுக்க நானே ஒரு பதில் சொல்லிப் பார்த்தேன், பிடிக்கவில்லை, அப்புறம் வேறொன்று. அடுத்த முறை பெரியப்பா கூப்பிடும் முன்பே கூடையோடு வாசலில் நின்றேன்.

அதனால்தான் சொல்கிறேன், படக்கதையோ பேய்க்கதையோ துணுக்கோ, எதை எடுத்தாலும் விடுங்கள். படித்து முடித்ததும் "என்ன நீதி தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டு உயிரை வாங்காதீர்கள். நாம் சினிமா பார்த்துவிட்டு வந்தால் யாராவது சுருக்கம் எழுதச் சொல்கிறார்களா? பள்ளியில் நிலாம் என்னும் வாசிப்புத் திட்டத்தின் பதிவுக்குச் சுருக்கம் எழுதுவது வேறு, அது அங்கே நடக்கட்டும். ஆனால் அந்தச் சுருக்கத்தை அம்மாவே உட்கார்ந்து எழுதித் தருவது (ஒரே சுருக்கம் வாட்ஸ்அப்பில் எத்தனை வீடு சுற்றுகிறது என்று தெரியாதா என்ன), அதைப் பார்க்கிற பிள்ளைக்குப் படிக்காமலே காரியம் முடியும் என்றுதான் விளங்கும்.

தமிழ்ப் புத்தகம் விலை அதிகம் என்பார்கள். சரி, தமிழ்நாட்டிலிருந்து வருகிறது, விலை கூடத்தான் செய்யும். ஆனால் வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கென்று 2,500 ரிங்கிட் வரை விலக்கு இருக்கிறதே, கைப்பேசி ரசீதையும் இணைய பில்லையும் பத்திரமாக எடுத்துவைக்கிற நாம், புத்தகமும் அதே கணக்கில் சேரும் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். இந்த விடுமுறைக்குப் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போங்கள், அவன் எடுப்பதற்குப் பணம் கட்டுங்கள், வழியில் எதுவும் பேசாமல் வீட்டுக்கு வாருங்கள்.