கொசுறு, சில்லறை, கடன்

சேலம் அழகாபுரம் மளிகைக் கடை போர்டு போட்டோ இந்நேரம் எல்லோர் போனுக்கும் வந்திருக்கும். "செல்போனில் மளிகை வாங்குவோர் கறிவேப்பிலைக் கொசுறு, சில்லறை, கடன் மூன்றையும் அங்கேயே கேட்டுக்கொள்ளவும்." பார்த்ததும் நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல் இரண்டு குரூப்பில் தள்ளியும் விட்டேன். அப்புறம்தான் கீழே வந்த கமெண்டுகளைப் படித்தேன்.

"காலத்துக்கு ஏற்ப மாறாதவன் கடையைச் சாத்தட்டும்." "வயித்தெரிச்சல்." இவற்றைக்கூட விட்டுவிடலாம். நம்ம நண்பர் ஒருவர், பொருளாதாரம் படித்தவர், ஒரு முழுப் பாரா எழுதியிருக்கிறார். இந்த ஆப்புகளுக்குள் வரும் அந்நிய நேரடி முதலீடு, அதாவது வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே போடும் பணம், நாட்டுக்கு நல்லதாம், இந்த மாதிரி ஆட்கள்தான் முட்டுக்கட்டையாம். அதற்கு எத்தனை லைக்!

நாட்டுக்கு நல்லது, சரி. அந்த நாட்டில் அழகாபுரம் இருக்கிறதா இல்லையா?

இப்படிக் கேட்டதும் "இவன் கம்யூனிஸ்ட்" என்று கிளம்ப வேண்டாம். என் சித்தி மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில்தான் வேலை பார்க்கிறாள். அயோத்தியாப்பட்டணத்தில் சித்தியின் ஓட்டு வீடு தார்சு வீடானது அவள் சம்பளத்தில். அந்த முதலீடு அவளுக்கு நல்லது, சித்திக்கும் நல்லது. ஆனால் அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் திறந்த நோக்கியா ஆலை என்ன ஆயிற்று? கம்பெனியின் போன் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியபோது, வரித் தகராறில் இந்த ஆலை மட்டும் சேராமல் நின்று, 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு உற்பத்தி முடிந்தது. அரசுக்கு ஒரு நியாயம், கம்பெனிக்கு ஒரு நியாயம், இரண்டு பக்கமும் வக்கீல்கள். கன்வேயர் பக்கத்தில் நின்ற பெண்களுக்கு? அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், யாருக்கு நல்லது?

மளிகைக்கு வருவோம். 2012 செப்டம்பரில் பல பிராண்டு சரக்கையும் ஒரே கடையில் விற்கும் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி தந்தது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊர்களில்தான் கடை, மாநில அரசு ஒப்புக்கொண்டால்தான் கடை. 2011 கணக்கெடுப்பில் நம்ம மாநகராட்சி சுமார் 8.3 லட்சம்தான். போதாததற்கு ஜெயலலிதா தமிழ்நாட்டுக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருந்த அப்பா நிம்மதியாகத் தூங்கினார். 2018இல் வால்மார்ட் 1600 கோடி டாலருக்கு ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்கியபோதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். கடைத்தெருவுக்கு வரக் கூடாது என்றுதானே சொன்னோம்? போனுக்குள் வந்துவிட்டது.

அந்த 1600 கோடியில் கம்பெனிக்குள் புதிதாகப் போனது 200 கோடி டாலர். மீதி, பங்கை விற்றவர்களுக்கு. விற்றவர்களிலும் பெரிய தலைகள் வெளிநாட்டுக்காரர்கள். "இத்தனை ஆயிரம் கோடி முதலீடு வந்தது" என்று டிவியில் சொல்லும்போது, அவ்வளவும் செங்கல்லாகவும் வேலையாகவும் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சட்டத்தைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. வெளிநாட்டுப் பணத்தில் ஓடும் இந்த ஆப்காரர்கள் கடைக்காரர்களே இல்லையாம், சந்தை நடத்துகிறவர்களாம். சொந்தச் சரக்கு வைத்து விற்கக் கூடாது. விலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆட்டக் கூடாது என்று 2016 விதியிலேயே இருக்கிறது. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ சர்க்கரை யார் தருகிறார்கள்? யாரோ ஒரு வள்ளல்.

"நீ மட்டும் ஆப்பில் வாங்குவதில்லையா?" வாங்குகிறேன். போன வாரம்கூட ராத்திரி பத்து மணிக்குப் பால் பாக்கெட். வாங்குகிறவன் பேசக் கூடாது என்றால் இந்த ஊரில் ஒருவரும் பேச முடியாது.

"அண்ணாச்சி பில் தருகிறாரா? எடை சரியா?" கேட்க வேண்டிய கேள்விதான். எங்க அப்பாவே பாதி நாள் துண்டுச் சீட்டில்தான் கணக்குப் போட்டார். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

"விவசாயிக்கு இடைத்தரகர் தொல்லை ஒழியும்." இதற்கு மட்டும் நான் விரிவாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் வரகம்பாடியில் என் மாமாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது. ஒரு வருஷம் பெரிய கம்பெனி ஒன்றின் ஆட்கள் நேரடிக் கொள்முதல் என்று வந்தார்கள். நல்ல விலைதான், மறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து வைத்து ஒவ்வொரு மல்கோவாவாகத் திருப்பிப் பார்த்தார்கள். காம்படியில் பால் வடிந்த கறை இருந்தால் வேண்டாம். ஒரு பக்கம் வெயில் பட்டு நிறம் மாறியிருந்தால் வேண்டாம். பொறுக்கல் முடிந்ததும் மிச்சத்தை மண்டிக்குக் கொண்டுபோனால், கழிசல் என்று பாதி விலை. மண்டிக்காரர் கமிஷன் பிடிப்பார், திட்டிக்கொண்டேதான் கொடுப்போம். ஆனால் கறை பட்டது, படாதது எல்லாவற்றையும் லோடோடு எடுத்துக்கொள்வார். பூ விடும்போதே அட்வான்ஸ் தருகிறவரும் அவர்தான். அடுத்த வருஷம் மாமா அட்வான்சுக்குப் போனபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்று சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அப்பா கடையில் பொட்டலம் மடித்த பையன் இப்போது டெலிவரி பேக் மாட்டிக்கொண்டு அஸ்தம்பட்டியில் சுற்றுகிறான். "அண்ணா, அப்பா கொடுத்ததைவிட இதுல ஜாஸ்திதான்" என்றான். பெட்ரோல் போக எவ்வளவு என்று கேட்டேன். அதற்குள் போனில் ஆர்டர் வந்துவிட்டது, கிளம்பிவிட்டான். அவன் கணக்கை நான் போட்டுக் குறை சொல்வது முறையில்லை. அவனுக்கும் நல்லதாகவே இருக்கட்டும்.

ஆனால் சிரிக்காதீர்கள். 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தபோது எல்லோரும் கை தட்டினீர்கள். அப்பா நம்பி நிறுத்தினார். போவண்டோவும் பன்னீர் சோடாவும் அடுக்கினார். கை தட்டியவர்களின் பிள்ளைகளே எதிர்க்கடையில் போய் வாங்கினார்கள். 2020 ஊரடங்கில் ஷட்டரைப் பாதி இறக்கி, குனிந்து குனிந்து அரிசி நிறுத்துக் கொடுத்தார், அறுபத்தெட்டு வயதில். அப்போது கடன் எழுதிய நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. கடன் தீராததால் அடிக்காத பேர்கள் பதினொன்று. அதில் இரண்டு பேர் அந்தப் போட்டோவுக்குக் கீழே சிரித்திருக்கிறார்கள்.

இன்று காலை அந்தக் கடைக்குப் போனேன். போர்டைக் கழற்றிவிட்டார். அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டேன். கட்டி, மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை வைத்து நீட்டினார்.

"நம்ம ஏரியா குரூப்புல மொதல்ல போட்டது நீங்கதானாமே தம்பி?" என்றார்.