லேபர் லா படிச்சா சோறு கிடைக்காதா?

மார்த்தாண்டத்தில் பிள்ளைகளுக்கு நடந்த கூட்டத்தில், லேபர் லா, அதாவது தொழிலாளர் சட்டம், எதிர்காலமும் சம்பளமும் இல்லாத படிப்பு என்று ஒரு பேச்சாளர் பேசியதைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். வீடியோ எல்லார் போனிலும் இருக்கிறது, முழுசாகத் திரும்பச் சொல்லவில்லை. "லேபர் லா எடுத்தா காலம் பூரா கொடி பிடிச்சிட்டு நிக்கணும்" என்றதும் பிள்ளைகள் கைதட்டினார்களே, அதுதான் தாங்கவில்லை. கைதட்டியவர்களில் எத்தனை பேர் வீட்டில் அம்மாவோ சித்தியோ அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிறவர்கள், அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்!

என் அம்மாவும் அண்டி ஆபீஸ்தான். கிலோ கணக்கில் கூலி. அண்டிப்பால் பட்டுக் கறுத்த கை கடைசிவரை வெளுக்கவில்லை. வேலையை விட்டபோது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை கேட்டோம். "இது சீசன் வேலை, ஏழு நாள் கூலிதான்" என்றார்கள். 1972 பணிக்கொடைச் சட்டத்தில் பருவகாலத் தொழிலுக்குத்தான் சீசனுக்கு 7 நாள் கூலி. மற்றவர்களுக்கு வருடத்துக்கு 15 நாள். சங்க ஆபீசில் இருந்த ஒரு அண்ணாச்சி, வக்கீல்கூட இல்லை, பிஎஃப் கணக்கை மாதவாரியாக எடுத்து வைத்து, "பன்னிரண்டு மாசமும் பிடிச்சிருக்கியளே, இதுல சீசன் எங்க?" என்று அதிகாரி முன்னாலேயே கேட்டார். கிலோ கூலிக்குக் கடைசி மூன்று மாதச் சராசரியைப் போட வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லித் தந்தார். முழுப் பணமும் வந்தது. அவர் கற்று வைத்திருந்ததைத்தான் எதிர்காலம் இல்லாத படிப்பு என்கிறீர்கள்.

"நாலு புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தாச்சு, பழைய சட்டம் எல்லாம் போச்சு" என்று கமெண்டில் வருவீர்கள். வந்தது உண்மைதான், 2025 நவம்பர் 21 முதல். முன்பு 100 பேர் வேலை செய்தாலே நிலையாணை, அதாவது வேலை நிபந்தனைகளும் வேலையை விட்டு நீக்கும் முறையும் சொல்லும் விதிகளை எழுதி வைக்க வேண்டும். இப்போது 300 பேர். அதற்குக் கீழே உள்ள ஆலையில் "நாளைக்கு வராண்டாம்" என்று வாயால் சொல்லி அனுப்பினால், அந்தப் பெண்ணுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? சட்டம் மாறும்போதுதான் சட்டம் தெரிந்த ஆள் கூடுதலாக வேண்டும்.

சம்பளம் இல்லையாம். தொழிலாளர் உதவி ஆய்வாளர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வைக்கிறது. தொழிற்சாலையில் நல அலுவலர் வைக்க முன்பு 500 தொழிலாளர்கள் இருக்க வேண்டும், புதுத் தொகுப்பில் 250 போதும். சென்னையில் அரசின் தொழிலாளர் கல்வி நிலையமே இதற்கென்று பாடம் நடத்துகிறது. மேடையேறுமுன் இதையாவது விசாரித்திருக்கலாம்.

"நீ சங்கத்துக்காரி, அப்படித்தான் பேசுவ" என்பவர்களுக்குப் பதில் இல்லை. ஆமாம், சங்கத்துக்காரிதான்.

கல்ஃபுக்குப் போ, நர்சிங் படி, இன்ஜினியரிங் படி என்று சொல்ல இந்த மாவட்டத்தில் ஆயிரம் பேர் உண்டு. உன் அம்மாவின் கூலிக் கணக்கைப் படித்துப் பார் என்று எந்தப் பிள்ளையிடமும் ஒருவரும் சொல்வதில்லை. எனக்கும் பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை. அந்தக் கோபம் இன்றும் தீரவில்லை.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள். எந்தப் படிப்பு, எந்தத் தேர்வு என்று உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். அண்டி ஆபீஸ் வீட்டுப் பிள்ளை என்றால் இரவு எந்நேரமானாலும் கூப்பிடலாம்.