பாடுகிறவரை நிமிர்ந்து பாருங்கள்

ஒரு பாட்டுத் தேர்வில் பாட வந்த பெண்ணை நடுவர் நடத்திய விதத்தைக் காட்டும் அந்தக் காணொளியைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். எத்தனையோ பேர் உள்பெட்டியில் அனுப்பிக் கேட்டும் பேசாமல் இருந்தேன். நேற்று இரவு அந்த நடுவர் கொடுத்த விளக்கத்தைப் படித்தேன். "இதைக்கூடத் தாங்க முடியாதவர்கள் பாட வரவேண்டாம்." அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

அந்தப் பெண் பாட ஆரம்பித்ததிலிருந்து நிறுத்தச் சொன்னது வரை நடுவர் ஒருமுறைகூடத் தலையை நிமிர்த்தவில்லை. கைபேசியைப் பார்த்தபடியே "போதும், அடுத்தவர்" என்றார். "ஏதாவது சொல்ல முடியுமா சார்?" என்று அந்தப் பெண் கேட்டதும், பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண் தேர்வாகவில்லை என்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பின்னூட்டத்துக்கு முதலில் வருகிறவர் இதைத்தான் பிடித்துக்கொள்வார் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வரியில் சுருதி இறங்கியது, எனக்கும் கேட்டது. தேர்வு செய்ய வேண்டாம். ஆனால் பாடுகிறவரை நிமிர்ந்து பாருங்கள். இல்லை என்றால் இல்லை என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

பாதியில் நிறுத்தியதும் தவறில்லை. இசை நாடகத் தேர்வுகளில் 16 'பார்' (மேற்கத்திய இசையின் தாள அளவு) மட்டும் பாடச் சொல்வார்கள், கொஞ்சம் வேகமான பாட்டென்றால் ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஓப்பரா என்னும் மேற்கத்தியப் பாட்டு நாடகத்துக்கான தேர்வுகளில் பெரும்பாலும் முதல் பாட்டு பாடகரின் விருப்பம், இரண்டாவதை அவர் கொடுத்த பட்டியலிலிருந்து நடுவர்கள் கேட்பார்கள். சில சமயம் கேட்கவே மாட்டார்கள். பழகிய காதுக்கு ஒரு குரலின் தன்மை சில வரிகளிலேயே பிடிபட்டுவிடும், சரி. ஆனால் இரண்டாவது பாட்டைக் கேட்காமல் விட்டதற்கு என்ன அர்த்தம் என்று பாடியவருக்கு எப்படித் தெரியும்? பிடித்துப்போய் நிறுத்தினார்களா, பிடிக்காமல் நிறுத்தினார்களா, நேரமாகிவிட்டதா? வீடு போய்ச் சேரும் வரை அதையே நினைத்துக்கொண்டு போக வேண்டும். நான் போயிருக்கிறேன்.

எனக்கு அப்போது 23 வயது. ஒரு சேர்ந்திசைக் குழுவுக்கான தேர்வு. காலை 10 மணிக்கு வரச் சொல்லிவிட்டு மதியம் இரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். விடியற்காலையிலிருந்து பாடிப் பதப்படுத்தி வைத்திருந்த குரல் அதற்குள் ஆறிப்போயிருந்தது. வெளியே முனகிக்கூடப் பார்க்க முடியாது, உள்ளே பாடுகிறவருக்குத் தொந்தரவு. பதற்றத்தில் வாய் உலர்ந்து, மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிட்டது. நீட்டிப் பிடிக்க வேண்டிய ஸ்வரத்துக்குக் காற்றே இல்லை. மூன்று நடுவர்களில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார், ஒருவர் ஜன்னலைப் பார்த்தார், இன்னொருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தகவல் சொல்கிறோம்" என்றார்கள்.

தகவல் வரவே இல்லை. நான்காவது மாதம் அந்தக் குழுவின் நிகழ்ச்சிப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கு இடமில்லை என்று தெரிந்துகொண்டேன். அந்த நான்கு மாதமும் வேறு எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை. இங்கே கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று காத்திருந்தேன்.

அந்த அறையில் என்னை மனுஷியாகப் பார்த்தவர் பியானோ வாசித்தவர் ஒருவர்தான். எந்த வேகத்தில் எடுக்கட்டும் என்று கேட்டார், மெல்லப் பாடிக் காட்டினேன். மேல் ஸ்தாயியில் எனக்கு மூச்சு போதாமல் போன இடத்தில் ஒரு கணம் காத்திருந்து என்னோடு சேர்ந்துகொண்டார். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நடு ஸ்தாயி நன்றாக இருக்கிறதும்மா, மேலே ஏறுவதற்கு முந்தின சொல்லிலேயே மூச்சை எடுத்துவிடுங்கள்" என்றார். இன்றைக்கும் அந்தப் பாட்டில் அந்தச் சொல்லில்தான் மூச்சு எடுக்கிறேன். அதைச் சொல்ல அவருக்கு ஐந்து நொடிதான் ஆகியிருக்கும்.

"நூறு பேர் வருகிறார்கள், எல்லோருக்கும் கருத்துச் சொல்ல முடியுமா?" என்கிறீர்கள். முடியாது. நானும் அந்த மேசைக்குப் பின்னால் இரண்டு நாள் உட்கார்ந்து 70 பேரைக் கேட்டிருக்கிறேன். முப்பதைத் தாண்டினால் காது மரத்துப்போகும், எந்தக் குரல் யாருடையது என்றே குழம்பும். அதனால்தான் எல்லோருக்கும் விளக்கம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. "இந்த முறை தேர்வாகவில்லை, வந்ததற்கு நன்றி" என்று ஒரே கடிதத்தை 70 பேருக்கும் அனுப்ப ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அனுப்பியதால்தான் சொல்கிறேன்.

கருத்துச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருகிறார்கள் என்பதும் உண்மைதான். வரட்டுமே.

புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியே 1954இல் ஒரு பாட்டுக் குழுவின் தேர்வில் கழிக்கப்பட்டவர்தானே, அப்புறம் என்ன ஆனார் பாருங்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவர் எல்விஸ் ஆனார். நான் எல்விஸ் ஆகாதவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். பிற்காலத்தில் பெரிய ஆளாகிவிடுவார் என்பதற்காகவா ஒருவருக்கு மரியாதை கொடுப்பது?

"உலகம் கடுமையானது, இப்போதே பழகட்டும்" என்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம். "இரண்டாவது வரியில் சுருதி இறங்கிவிட்டது" என்று முகத்தைப் பார்த்துச் சொல்வது கடுமை. அதை நான் வரவேற்கிறேன், அதில் திருத்திக்கொள்ள ஏதோ இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சிரிப்பது கடுமை இல்லை, அவமதிப்பு. பல மேற்கத்திய இசைக்குழுக்கள் 1970களிலிருந்து முதல் சுற்றில் திரை கட்டி, யார் வாசிக்கிறார் என்று தெரியாமல் கேட்டுத் தேர்வு செய்கின்றன. நடந்து வரும் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தரையில் விரிப்புகூடப் போட்டிருக்கிறார்கள். கருவி வாசிப்பவருக்கு நியாயம் செய்ய அவ்வளவு மெனக்கெட முடிகிறது. பாட வந்தவருக்காகக் கைபேசியைக் கவிழ்த்து வைக்க முடியாதா?

பாடுகிறவருக்குக் கருவி உடம்புக்குள்ளேயே இருக்கிறது. மேற்கத்திய இசையில் சுருதி சேர்க்க வழக்கமாக எடுக்கும் 'ஏ' (A) ஸ்வரத்தைப் பாடும்போது குரல்நாண்கள் நொடிக்கு 440 முறை மோதி விலகுகின்றன. ஒரு பெண்ணின் குரல்நாண் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. பயந்தால் தொண்டை இறுகும், இறுகினால் குரல் பிசிறும். பிசிறிய பிறகு "உன் குரலில் ஏதோ குறைகிறது" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஏதோ என்றால் என்ன? மூச்சா, உச்சரிப்பா, தாளமா? என் தோழிக்கு இப்படித்தான் சொன்னார்கள். என்ன குறை என்று தெரியாததால் எல்லாமே குறை என்று எடுத்துக்கொண்டாள். பதினொரு வருடமாகிறது. வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட அவள் பாடுவதில்லை. "பாடேன்டி" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்த பிறகு நான் திரும்பக் கேட்டதே இல்லை.

அந்தக் காணொளியின் கடைசிச் சில நொடிகளைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. போதும் என்று சொன்ன பிறகு அந்தப் பெண் பியானோ அருகே போய்த் தன் தாள்களை எடுத்துக்கொள்கிறார். வாசித்தவருக்கு நன்றி சொல்கிறார். அப்புறம் திரும்பி, அந்த மேசையைப் பார்த்தும் நன்றி சொல்கிறார். இரண்டு கணம் நிற்கிறார். மேசையிலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை.