29 பைசா கணக்கும் அதில் சிக்காத செஸ்ஸும்

தமிழ்நாடு மத்திய அரசுக்கு ஒரு ரூபாய் வரி கொடுத்தால் 29 பைசாதான் திரும்பி வருகிறது, உத்தரப்பிரதேசத்துக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் போகிறது, பீகாருக்கு ஏழு ரூபாய். பட்ஜெட் வந்தாலே இந்த எண்கள் டைம்லைனில் சுற்ற ஆரம்பித்துவிடும். பதிலுக்கு எதிர்முகாமிலிருந்து ரயில்வே, நெடுஞ்சாலை என்று ஒரு பட்டியல் வரும். இரண்டுமே அரைக் கணக்கு. தமிழ்நாட்டின் காசு போகிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பதில்தான் பேச்சு தடம் மாறுகிறது.

முதலில் அந்த "ஒரு ரூபாய்". நேரடி வரி எந்த மாநிலக் கணக்கில் ஏறுகிறது என்பது, கட்டுகிறவர் எங்கே வரி செலுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. எல்ஐசிக்கும் ஸ்டேட் வங்கிக்கும் தலைமையகம் மும்பை. திருநெல்வேலியில் வசூலான பிரீமியத்தின் லாபத்துக்கும் வரி மகாராஷ்டிராவின் பெயரில்தான் ஏறும். அந்த வகையில் நம் பங்களிப்பு குறைவாகத் தெரிகிறது. தலைகீழாகவும் நடக்கும்: திருப்பூரிலிருந்து லக்னோவுக்குப் போகும் பனியனுக்கான ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி) தமிழ்நாட்டின் வசூலாகப் பதிவாகிறது, கடைசியில் அந்த வரியைச் சுமப்பவர் லக்னோவில் வாங்குகிறவர். மாதாமாதம் வெளியாகும் மாநிலவாரி ஜிஎஸ்டி வசூல் அட்டவணையை அப்படியே எடுத்து "நாங்கள் கொடுத்தது" என்று போட்டால், எதிராளி ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார்.

அடுத்து அந்த "29 பைசா". அதில் பெரும்பாலும் இருப்பது வரிப்பகிர்வு மட்டும், அதாவது மத்திய வரியிலிருந்து மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் பங்கு. உணவு மானியம், உர மானியம், ராணுவச் சம்பளம், ரயில்வே முதலீடு எதுவும் அதில் இல்லை. சேர்க்கலாமே என்றால், அதிலும் சிக்கல். இந்திய உணவுக் கழகம் (எஃப்சிஐ) பஞ்சாபில் கோதுமை வாங்குகிறது. பணம் பஞ்சாப் விவசாயிக்கு, ரேஷன் கோதுமை பீகார் குடும்பத்துக்கு. இந்த மானியத்தை யார் கணக்கில் எழுதுவது? 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. அதில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. அந்தக் கால்வாசியை எந்த மாநிலத்தின் தலையிலும் எழுத முடியாது.

சரி, அதிகம் வாங்குவது யார்? மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று சொல்வது நிதிக்குழு. 15-வது நிதிக்குழு 2021-26-க்குச் செய்த பங்கீட்டை 2011 மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உத்தரப்பிரதேசத்தில் நாட்டு மக்களில் 16.5 சதவீதம், பங்கு 17.939. பீகாரில் 8.6 சதவீதம், பங்கு 10.058. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 6 சதவீதம், பங்கு 4.079. இதெல்லாம் கிடக்கட்டும், அருணாச்சலப் பிரதேசத்தில் 0.11 சதவீதம் மக்கள், பங்கு 1.757! ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் உ.பி. பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் யாரும் அருணாச்சலைத் திட்டுவதில்லை. அங்கே நாடாளுமன்றத் தொகுதி இரண்டே இரண்டு.

பங்கைத் தீர்மானிக்கும் சூத்திரத்தில் நமக்கு அடி விழுவது வருமான இடைவெளி (பணக்கார மாநிலத்தைவிட ஆளுக்கு வருமானம் எவ்வளவு குறைவு என்பது) என்ற அளவுகோலில். 15-வது குழுவின் சூத்திரத்தில் 45 சதவீத எடை அதற்குத்தான். ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போவது நியாயம், அதை எதிர்க்கவில்லை. ஆனால் அந்த இடைவெளியை மக்கள்தொகையால் பெருக்குகிறார்கள். மக்கள்தொகைக்குத் தனியாக 15 சதவீதம் ஏற்கெனவே இருந்தது. ஆக, அது இரண்டு வாசல் வழியாக உள்ளே வருகிறது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆறுதல் பரிசாக வைத்தது 12.5 சதவீதம். 12-வது நிதிக்குழுவில் 5.305 ஆக இருந்த நம் பங்கு 14-வதில் 4.023-க்கு வந்தது.

இதைவிடப் பெரிய ஓட்டை செஸ்ஸும் (குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் வரி) சர்சார்ஜும் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி). அரசியல் சாசனத்தின் 270-வது பிரிவுப்படி இவை பகிர வேண்டிய வரிகளில் சேராது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். லிட்டருக்கு 2.98 ரூபாயாக இருந்த அடிப்படை கலால் வரியை 1.40 ஆக்கினார்கள். சிறப்புக் கூடுதல் கலாலில் ஒரு ரூபாய் குறைத்தார்கள். விவசாய உள்கட்டமைப்பு செஸ் என்று புதிதாக 2.50 போட்டார்கள். மொத்த வரி 32.98-லிருந்து 32.90. பங்க்கில் விலை அசையவில்லை. மாநிலங்களோடு பகிர வேண்டிய பகுதியான அடிப்படை கலால் மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. பிறகு மொத்த வரி 19.90-க்கு இறங்கியபோதும் பகிர்வுக்கு உரியது அதே 1.40தான்.

14-வது நிதிக்குழு மாநிலங்களின் பங்கை 32-லிருந்து 42 சதவீதமாக உயர்த்தியது; காஷ்மீர் யூனியன் பிரதேசமான பின் 41. தாளில் 41. 2025-26 பட்ஜெட்டில் மொத்த வரி வருவாய் 42.70 லட்சம் கோடி, மாநிலங்களுக்கு 14.22 லட்சம் கோடி. வகுத்துப் பாருங்கள், 33.3 வரும். வசூல் செலவு போன்ற சில்லறைக் கழிவுகள் போக, இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி செஸ்ஸும் சர்சார்ஜும்தான். முழு 41 சதவீதமும் கிடைத்திருந்தால், சூத்திரத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல், அதே 4.079-க்கே தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டில் சுமார் 13,000 கோடி கூடுதலாக வந்திருக்கும். உ.பி.க்கும் பீகாருக்கும் இதே விகிதத்தில் நஷ்டம். இந்தச் சண்டைக்கு அவர்களையும் கூட்டுச் சேர்க்கலாம். 29 பைசா சண்டைக்கு எந்த ஜென்மத்திலும் சேர மாட்டார்கள்.

வரிப்பகிர்வுக்கு வெளியே வரும் நிபந்தனைப் பணம் வேறு கதை. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடியை நிறுத்தினார்கள். வரிப்பகிர்வில் இப்படிக் கை வைக்க முடியாது, அது சாசன உரிமை. அதனால்தான் திட்ட நிதியைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்லும்போது மாநிலங்கள் மகிழக் கூடாது.

கேட்க வேண்டியது இரண்டு. செஸ், சர்சார்ஜ் இரண்டும் சேர்ந்து மொத்த வரியில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால், தாண்டியது தானாகப் பகிர்வுத் தொகுப்புக்குள் வர வேண்டும்; இதற்கு சாசனத் திருத்தம் தேவை. ஒவ்வொரு செஸ்ஸுக்கும் முடிவுத் தேதி வேண்டும்; இதற்கு நிதி மசோதாவில் ஒரு வாக்கியம் போதும்.