கோப்பைத் தொலைக்காத அலுவலகம்

ஞாயிற்றுக்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்து சித்தி மகன் கூப்பிட்டான். அங்கே கணபதி பகுதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். கிணற்றில் தண்ணீர் இறங்கினால், மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும் முன்னே அதை நிறுத்திவிடும் பெட்டி ஒன்று செய்திருக்கிறான். கடையில் கிடைப்பதைவிட மலிவு, வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் ஏமாறாது. சோதனைச் சான்றிதழுக்குக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. போய்க் கேட்டால், "அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிட்டாரு, கோப்பைக் காணோம், மறுபடி விண்ணப்பம் போடுங்க தம்பி" என்றார்களாம்.

"அண்ணே, சிங்கப்பூரா இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்ல?" என்று கேட்டான்.

நான் இருக்கும் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் காப்பிக்கடையில் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: ஊரில் மூளை இருக்கு, ஒழுங்கு இல்லை. எனக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை.

சிங்கப்பூரின் மறுசுத்திகரிப்புத் தண்ணீரான நியூவாட்டரின் கதையைப் பாருங்கள். கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்க 1974-லேயே இங்கே ஒரு சோதனை ஆலை கட்டினார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, நீரை வடிகட்டும் சவ்வுகளை நம்ப முடியவில்லை. மூடிவிட்டார்கள். அதாவது, தோற்றுப்போனார்கள். ஆனால் அதற்காக யார் தலையும் உருளவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அந்த யோசனை சாகவில்லை. சவ்வின் விலை இறங்கித் தரம் ஏறியதும், 1998-ல் பொதுப் பயனீட்டுக் கழகமும் சுற்றுப்புற அமைச்சும் அதே கேள்வியை மறுபடி கையில் எடுத்தன. 2000-ல் பிடோக்கில் செயல்விளக்க ஆலை, 2003-ல் நியூவாட்டர். இன்று அதில் பெரும்பகுதி சிப் தொழிற்சாலைகளுக்கும் பிற ஆலைகளுக்கும் போகிறது. இடையில் எத்தனையோ அதிகாரிகள் ஓய்வு பெற்றிருப்பார்கள். அலுவலகம் மறக்கவில்லை.

சரி, இது பணக்கார நாட்டுக்கு மட்டும் வாய்க்கிற விஷயமா? இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம், மருந்துக்கு உரிமை தராமல் அதைச் செய்யும் முறைக்கு மட்டும் தந்தது. அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு நம் வேதியியலாளர்கள் வேறு வழிகளைத் தேடித்தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் கூட்டுமருந்தை, 2001-ல் சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்தது. அப்புறம் 2016-ல் யுபிஐ. கைப்பேசியில் பணம் அனுப்பும் அந்த ஏற்பாடு 2023 பிப்ரவரியில், இங்குள்ள அதேபோன்ற சேவையான பேநவ்வோடு இணைந்தது. விதி சரியாக இருந்த இடத்தில் அதே மூளைதான் வேலை செய்திருக்கிறது.

இங்கே எல்லாம் நிறைவு என்றும் சொல்ல மாட்டேன். நிலையான வேலை, நல்ல சம்பளம் என்று நம் பிள்ளைகளை நாமே பயமுறுத்தி வளர்க்கிறோம். எட்டு மாதம் காத்திருந்தும் பெட்டியைக் கீழே வைக்காத என் தம்பியின் பிடிவாதத்தை நான் இங்கே அதிகம் பார்த்ததில்லை. அவனுக்குத் தோற்க இடம் கொடுக்கும், தோற்றதை எழுதிவைக்கும் ஓர் அலுவலகம் வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்பதும்.

நேற்று மறுபடி விண்ணப்பம் போட்டுவிட்டான். இந்த முறை ஒவ்வொரு தாளையும் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். மொத்தம் நாற்பத்தொரு பக்கம். தேதி போட்டு எடுத்துவைத்திருக்கிறேன்.