சேர்த்துவைக்கிறேன் என்று முகவரியைக் கொடுக்காதீர்கள்

"அதுதான் பிரிந்துவிட்டாளே, இனி என்ன தொல்லை?" என்று, அடிக்கும் கணவனை விட்டு வந்த பெண்ணைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் கைமீறிப் போய்விட்டாள் என்று அவனுக்கு உறைப்பதே அவள் வெளியேறிய பிறகுதான். அடித்து அடக்கி வைத்திருந்தவன் அப்போதுதான் அதிகம் வெறிகொள்கிறான். இங்கே சிங்கப்பூரில், வேலை முடியும் நேரத்தில் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நிற்பான். நள்ளிரவில் குறுந்தகவலாக அனுப்பித் தள்ளுவான். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண் என்றால், "உன் விசாவை ரத்து செய்கிறேன் பார்" என்பான்.

எனக்குப் பழக்கமான ஒரு பெண், விவாகரத்துக்குப் பிறகு ஈசூனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள். அடுக்குமாடி புளோக் எண் நெருங்கியவர்களுக்கு மட்டுமே தெரியும். ஒரு காதுகுத்து விருந்தில் அவளுடைய பெரியம்மா, "பிள்ளையைப் பார்க்காமல் எப்படி இளைத்துவிட்டான், பாவம்" என்று உருகி, அந்த எண்ணை அவனிடமே கொடுத்துவிட்டார். மறுநாள் இரவு அவன் தாழ்வாரத்தில் நின்று இரும்புக் கதவை உலுக்கினான். உள்ளே அவள் விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுச் சீன மூதாட்டிதான் போலீசை அழைத்தார். பெரியம்மாவோ, "சேர்த்துவைக்கத்தானே பார்த்தேன்" என்று இன்றும் சொல்கிறார்.

சட்டம் துணைக்கு இருக்கிறது. மணவாழ்வு, குடும்பம் பற்றிய சட்டமான மாதர் சாசனத்தின்கீழ் முன்னாள் கணவனுக்கு எதிராகவும், வன்முறையைத் தடுக்கும் பாதுகாப்பு ஆணையை நீதிமன்றத்தில் கேட்கலாம். 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, மனத்தளவில் வதைப்பதும் குடும்ப வன்முறைதான். மணமாகாமல் பழகிப் பிரிந்தவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 12 மாதம் வரை சிறைக்குப் போகலாம். 1800-777-0000 என்ற, வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் யோசிக்காமல் போலீசுக்கு 999.

ஆனால் நீதிமன்ற ஆணையை வாங்கியவளின் வீட்டு எண்ணை நாமே கசியவிட்டால் அந்த ஆணை என்ன செய்யும்? சொந்தபந்தம் சூழ வாழும் சமூகம் நம்முடையது. தேக்காவில் ஒருவரிடம் சொன்னது மாலைக்குள் உட்லண்ட்ஸ் போய்ச் சேர்ந்துவிடும். அவன் தேடி அலைய வேண்டியதே இல்லை. நம்மில் ஒருவரிடம் கண்ணீர் விட்டால் போதும்.

அவன் உங்களை அழைத்தால், "தெரியாது" என்று சொல்லுங்கள். அந்தப் பொய்யால் யாருக்கும் பாவம் வராது. பிள்ளையைப் பார்க்க வேண்டுமானால் வழக்கறிஞர் வழியாகக் கேட்கட்டும். தீபாவளிப் படங்களில் அவள் இருந்தால் அவளைக் கேட்காமல் முகநூலில் போடாதீர்கள். அவன் அழைத்த தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வைத்து அவளிடம் கொடுங்கள். நீதிபதி முன் அவள் நிற்கும்போது அது கைகொடுக்கும்.